மஞ்சூர் மேனி

கீர்த்திவாசன் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டியில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிய அப்பனுக்குப் பிறந்தவன். ஒரு கிழங்கை இனாமாகப் போட்டால் அதன் பின்னால் ஒரு லாரி கிழங்கு வரவேண்டும் என்பது அந்த வீட்டில் பாலோடு சேர்த்துப் புகட்டிய பாடம். அதனால், மஞ்சூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அவன் இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து செய்த ப்ரீசெட்டை, மலையிலுள்ள போட்டோக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இலவசமாகப் போட்டபோது, வந்த முதல் பதில் நன்றியாக இல்லை.

"அண்ணா, இதுல என்ன உள்குத்து?" என்று குரல் பதிவு அனுப்பினாள் எமரால்டில் ஸ்டுடியோ நடத்தும் ஜூடித்.

"உள்குத்தெல்லாம் ஒன்னுமில்ல தங்கச்சி. போட்டுத்தான் பாரேன்."

ப்ரீசெட் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. படம் திருத்துகிற மென்பொருளில் ஒருவன் தன் கைப்பக்குவத்தை, வெளிச்சம் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, கண்ணில் மினுக்கு இவ்வளவு என்று அளந்து ஒரே கோப்பாகக் கட்டி வைப்பது. மசாலாப் பொட்டலம் மாதிரி. பொட்டலம் கையில் இருந்தால் சமைக்கத் தெரியாதவனும் குழம்பு வைத்துவிடலாம். கூடவே கீர்த்திவாசன் சொந்தமாகச் செய்த பிரஷ் ஒன்றும் அதில் இருந்தது. கன்னத்தின் மேல் அதை இழுத்தால் மரு, அம்மை வடு, பனியில் வெடித்த தோல், எது இருந்தாலும் அதன் மேல் நல்ல தோல் வந்து படுத்துக்கொள்ளும். மொத்தத்துக்கும் 'மஞ்சூர் மேனி' என்று பேர் வைத்திருந்தான்.

உள்குத்து இருக்கத்தான் செய்தது. அந்த நிறம் அவன் மெஷினில், அவன் வாங்கும் காகிதத்தில்தான் எடுபடும். வேறு இடத்தில் அச்சடித்தால் மாப்பிள்ளை மஞ்சள் காமாலை கண்டவன் போல வருவான். ஆறேழு மாதத்தில் ஊட்டி முதல் கிளென்மார்கன் வரை கல்யாண ஆல்பமெல்லாம் பஸ் ஏறி மஞ்சூருக்கு வந்து அச்சாகித் திரும்பின. "சோப்ப இனாமாக் குடுத்துட்டுத் தண்ணிக்கு வாடகை வாங்குற ஆளுய்யா நீ" என்றார் குன்னூர் வெற்றிச்செல்வன். அதைக் கீர்த்திவாசன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

மலையில் ஒரு புது ஜாதி பிறந்தது. வெயிலும் குளிரும் மாறி மாறி அடித்துக் கறுத்த முகங்கள் எல்லாம் ஃப்ளெக்ஸில் ஏறியதும் கோதுமை நிறத்தில், கூடப்பிறந்தவர்கள் போலச் சிரித்தன. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் அதே கன்னம். பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம், காபி கொண்டுவந்த பெண்ணிடமே "பொண்ணக் கூப்பிடும்மா" என்று சொன்னதாக ஒரு கதை உலவியது. அப்படியும் ஒருவரும் வந்து சண்டை போடவில்லை. நிஜ முகத்துக்கு வீட்டில் கண்ணாடி இருக்கிறது, அதற்கு எதற்குக் காசு கொடுத்துப் போட்டோ எடுக்கவேண்டும் என்பது ஜனங்களின் கட்சி.

தை மாதம். விடிகாலைப் புல் மேலெல்லாம் உப்பைக் கொட்டி வைத்தாற்போல உறைபனி விழுந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு மத்தியானம் கடைக்குள் ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். கருப்பம்மாள், எமரால்டு பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். மகன் கணேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பவன், செய்தி கேட்டு ராத்திரி பஸ்ஸில் ஏறி வந்திருந்தான்.

"காணவில்லை போஸ்டர் அடிக்கணுங்க" என்றான் கணேசன். "அப்பா. பேரு சுடலைமணி."

"எப்ப இருந்துங்க?"

"நேத்து காலைல" என்றாள் கருப்பம்மாள். "நான் கொழுந்துக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா லயத்து வீட்டுல ஆள் இல்ல. ஸ்டோருல வேல பாத்த மனுசங்க. ரெண்டு வருசத்துக்கு முந்தி டிரையர்ல அனல் அடிச்சுக் கீழ விழுந்து மண்டைல அடி. அதுல இருந்து காலைல சாப்பிட்டது ஞாபகம் இருக்காது, ஆனா சிலோன்ல படிச்ச பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கும். வேலையே இல்லாட்டியும் ஷிப்டுக்கு நேரமாச்சு, ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிரும்." தேயிலை ஃபேக்டரியைத்தான் அவர்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். "ஸ்வெட்டர் ஆணியிலயே தொங்குது, தம்பி. ஒரு ராத்திரி எப்படியோ போயிருச்சு. இன்னொரு ராத்திரி இந்தப் பனில தாங்காது."

அவள் அழவில்லை. கறை படிந்த விரல்களால் மேசைக் கண்ணாடியின் விளிம்பை நீவிக்கொண்டே இருந்தாள். கீர்த்திவாசன் வியாபாரிதான், கல் இல்லை. கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"இருங்க அக்கா, அரைமணி நேரத்துல கையில குடுத்துடறேன். படம் குடுங்க."

கணேசன் போனிலிருந்து ஒரு படம் அனுப்பினான். போன வருடம் தங்கை ரேகாவின் கல்யாணத்தில் எடுத்தது. பட்டு வேட்டி, கழுத்தில் மாலை, கோதுமை நிறம், பளிங்கு போன்ற கன்னம். பார்த்ததும் கீர்த்திவாசனுக்குத் தெரிந்துவிட்டது, சரக்கு நம்முடையது.

"ஜூடித் எடுத்ததுங்களா?"

"ஆமாங்க. அவங்க கடை இன்னிக்குப் பூட்டியிருக்கு. எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்று மட்டும் சொன்னான். அந்த நேரத்திலும் மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பெருமை. வேறு படம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டான். ஆதார் அட்டையில் இருப்பது வெறும் நிழல்தான் என்றான் கணேசன். அப்பாவுக்கு அடிபட்ட பிறகு யாரும் அவரைப் படம் எடுக்கவில்லை, கல்யாணத்தைத் தவிர.

வாட்ஸ்அப்பில் வந்த படம் சற்று மங்கியிருந்தது. மங்கிய படம் எதுவானாலும் கீர்த்திவாசனின் விரல் போகிற இடம் ஒன்றே. ஒரு க்ளிக். ஏற்கெனவே வெள்ளையடித்த சுவருக்கு இரண்டாம் பூச்சு ஏறியது. சுடலைமணி இன்னும் ஒரு மாத்து வெளுத்து, பத்து வயசு குறைந்து, சிவப்பில் 'காணவில்லை' என்ற எழுத்துக்குக் கீழே புன்னகைத்தார்.

"அங்க அடையாளம் ஏதாச்சும் போடட்டுங்களா?"

"கன்னத்துல ஒரு தழும்பு இருக்குங்க" என்றான் கணேசன்.

கீர்த்திவாசன் படத்தைப் பார்த்தான். எந்தக் கன்னத்திலும் ஒன்றும் இல்லை. "பெருசுங்களா?"

கணேசன் அம்மாவை ஒருமுறை பார்த்தான். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் அப்பாவின் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று ஓரமாக உட்கார வைத்தவன் அவன்தான். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. "அவ்வளவா தெரியாதுங்க."

"அப்பன்னா விட்டுருங்க. படத்துல ஒன்னு, எழுத்துல ஒன்னுன்னு இருந்தா பாக்கறவன் குழம்பிருவான். இது அந்த ஆள் இல்லைன்னு போயிட்டே இருப்பான். சரக்கும் சீட்டும் ஒத்துப் போகணுங்க."

கருப்பம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் திரையில் இருந்த மனிதன் மேல் போயிற்று. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "ரேகா கல்யாணத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

மாத்திரை வாங்க மாதாமாதம் ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற பழக்கம், அதனால் ஊட்டி பஸ்ஸில்தான் ஏறியிருப்பார் என்பது குடும்பத்தின் கணக்கு. போஸ்டரை வாங்கிக்கொண்டு அவர்கள் அந்தப் பக்கம் புறப்பட்டார்கள். "இந்தப் பக்கத்துக்கு நான் ஒட்டிக்கறேன், நீங்க அலையாதீங்க" என்று ஒரு கட்டைக் கீர்த்திவாசனே வைத்துக்கொண்டான். நல்ல மனசுதான். போஸ்டரின் அடியில் ஸ்டுடியோ பேரும் நம்பரும் சின்ன எழுத்தில் இருந்ததும் உண்மைதான். அவனிடம் இவை இரண்டும் எப்போதும் ஒரே பையில் கிடக்கும்.

பஜாரில் ஒட்டி முடித்துக் கீழே ரோட்டு வளைவுக்கு வந்தான். அங்கே ஒரு பஸ் நிழற்குடை, பக்கத்தில் சுப்பண்ணனின் டீக்கடை. நிழற்குடையின் சிமெண்டுப் பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். முதுகில் ஒரு சாக்கு, தலையையும் காதையும் சேர்த்துச் சுற்றிய துண்டு, நரைத்த முள் தாடி, வெடித்த உதடு. பனிக்காலத்தில் மலையில் பாதி ஆம்பளைகள் இப்படித்தான் இருப்பார்கள்.

"ஏனுங்கய்யா, கொஞ்சம் நகந்துக்கறீங்களா? இது ஒன்ன ஒட்டணும்."

அந்த ஆள் உடனே எழுந்து, அடுத்த ஓரத்துக்குப் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். கீர்த்திவாசன் பசையைத் தடவிப் போஸ்டரை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டான். அந்த ஆள் எழுத்தின் பக்கமே போகவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க தொர இது?"

"எமரால்டு பக்கத்து ஆளுங்க. ஊட்டுல இருந்து கெளம்பினவரு, காணோம்."

"பாவமே" என்றார். "பெரிய எடத்து ஆளு மாதிரி இருக்காரு. சம்சாரம் தேடுமே."

"தேடுதுங்க. நீங்க எந்த ஊரு?"

"லயத்துக்குத்தான், தொர. பஸ்ஸு வரணும்."

"எங்காச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க."

"கண்டாச் சொல்றேன்" என்று தலையாட்டினார். சொன்னதைக் காப்பாற்றுகிறவர் தலையாட்டுவது போல.

அவர் தோள் நடுங்குவதைக் கீர்த்திவாசன் கவனித்தான். சுப்பண்ணனைக் கூப்பிட்டு ஒரு டீ சொன்னான். கிளாஸை அந்த ஆள் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, நெஞ்சோடு வைத்துச் சற்று நேரம் சூடு வாங்கிவிட்டுத்தான் குடித்தார். குடிக்கும்போது துண்டு நெகிழ்ந்தது. இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை, அனலில் வாட்டிய கத்திரிக்காய்த் தோல் போலச் சுருங்கிப் பளபளத்தது ஒரு தழும்பு.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். செருப்புத் தைக்கிறவர் காலைப் பார்ப்பார், பல் டாக்டர் வாயைப் பார்ப்பார். கீர்த்திவாசன் கண்ணுக்குத் தழும்பு என்றால் ஒரு வேலை, அவ்வளவுதான். பிரஷ்ஷைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நாலு இழுப்பில் முடிந்துவிடும் என்று அவன் மனசு கணக்குப் போட்டது. குழுவில் அவன் 'முன்', 'பின்' என்று ஜோடிப் படம் போட்டு வெகுநாள் ஆகியிருந்தது. இவ்வளவு கஷ்டமான கன்னம் ஒன்று 'முன்' படத்துக்குச் சுலபத்தில் கிடைக்காது.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?"

"நம்ம மூஞ்சியவா?" அந்த ஆள் சிரித்தார். "எடுங்க தொர, காசா பணமா."

எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினான்.

அதன் பிறகு போன் ஓயவில்லை. பெங்கால்மட்டத்தில் ஒருவர் பார்த்தேன் என்றார். கிண்ணக்கொரை பஸ்ஸில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். குந்தாப் பாலத்தருகே மூன்று பையன்கள் ஒரு ஆளைப் பிடித்தே வைத்துவிட்டார்கள். கீர்த்திவாசன் பைக்கில் போய்ப் பார்த்தால், டாக்டர் நடக்கச் சொன்னதால் நடந்துகொண்டிருந்த ஒரு ரிடையர்டு பாங்க் மேனேஜர். "நான் காணாமப் போகல தம்பி, எங்க ஊட்ல கேட்டா இன்னும் போகலியான்னுதான் கேப்பாங்க" என்றார் அவர். அன்று மலையில் சிவப்பாக, மொழுமொழுவென்று இருந்த ஆண்பிள்ளைகள் ஒருவரும் நிம்மதியாக வெளியே நடக்க முடியவில்லை.

ஊட்டியில் கிடைக்கவில்லை என்று கணேசன் போன் செய்தான். "இங்கயும் இல்லீங்க, பாத்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் கடையில் வந்து உட்கார்ந்தான் கீர்த்திவாசன். அலைச்சல், எரிச்சல். மனசை வேறு பக்கம் திருப்ப, கைக்குப் பழகிய வேலை ஒன்று வேண்டியிருந்தது. மத்தியானம் எடுத்த படத்தைத் திரையில் திறந்தான்.

ப்ரீசெட்டைத் தட்டினான். கறுப்பு இறங்கிக் கோதுமை ஏறியது. தாடி நரை மங்கியது. பிரஷ்ஷை எடுத்துக் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். இரண்டாவது இழுப்பில் தாடை நேரானது. மூன்றாவதில் கன்னம் முழுசாக நிறைந்தது. நான்காவதை இழுக்கக் கை தூக்கியவன் தூக்கியபடியே இருந்தான்.

திரையில் சுடலைமணி.

பக்கத்தில் மேசை மேல் மீதிப் போஸ்டர் கட்டு கிடந்தது. அதே கன்னம், அதே கண் மினுக்கு. மாலை மட்டும்தான் இல்லை.

கடையைப் பூட்டக்கூட இல்லை. வளைவுக்கு ஓடியபோது நிழற்குடையில் போஸ்டர் மட்டும் இருந்தது. பெஞ்சில் சாக்கு கிடந்தது.

"அந்த ஆளுங்களா?" என்றார் சுப்பண்ணன், கிளாஸ் கழுவிக்கொண்டே. "நேத்துல இருந்து இங்கதான குந்தியிருந்தாப்ல. அப்பவே ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு கீழ எறங்கிப் போனாப்ல. ஏன், என்ன?"

"நேத்துல இருந்தா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா அண்ணா?"

"எதச் சொல்ல?" சுப்பண்ணன் போஸ்டரைக் காட்டினார். "நீ தேடறது இந்தாளைத்தான?"

கீழே போகும் ரோட்டில் மேகம் இறங்கிப் பத்தடி முன்னால் இருப்பதும் தெரியவில்லை. போலீசுக்குச் சொன்னார்கள், எஸ்டேட் ஆட்களைக் கூப்பிட்டார்கள், டார்ச் அடித்து இரவெல்லாம் தேடினார்கள். கீர்த்திவாசன் போனில் நிஜப் படத்தை வைத்துக்கொண்டு, எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் காட்டினான். இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்டிக்கடைக்காரர் பார்த்திருந்தார். கண்டக்டர் பார்த்திருந்தார்; மஞ்சூரில் இறக்கிவிட்டவரே அவர்தான். ரேஷன் கடைத் தெய்வம்மா அவருக்கு வாழைப்பழம் கொடுத்திருந்தாள். மலையே பார்த்த ஒரு மனிதரை மலையே தேடிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பார்த்தார்கள். ஒரு தேயிலை ஃபேக்டரியின் வேலிக்கு இப்பால், செடிகளுக்கு நடுவே கேட்டைப் பார்த்து உட்கார்ந்தபடி. ஃபேக்டரி விளக்கைப் பார்த்து வந்திருக்கவேண்டும். அவருடைய ஃபேக்டரி அது இல்லை. புருவம், தாடி, கன்னம் எல்லாவற்றின் மேலும் உறைபனி பூத்திருந்தது. எஸ்டேட் மேஸ்திரி ஒருவர் தன் போனில் இருந்த போஸ்டரையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்பத்தாங்க கொஞ்சம் ஒத்துப்போகுது" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் கீர்த்திவாசன் குழுவில் எழுதினான்: மஞ்சூர் மேனியை யாரும் இனிமேல் போடவேண்டாம், தயவுசெய்து அழித்துவிடுங்கள். காரணத்தை எழுத வரவில்லை. வேறென்ன எழுதினாலும் அது சரக்கைத் திரும்பக் கேட்கிற வியாபாரியின் தந்திரமாகவே பட்டது எல்லோருக்கும். வெற்றிச்செல்வன் கட்டைவிரல் ஒன்றை அனுப்பிவிட்டு எழுதினார்: "அத அப்பவே மாத்தியாச்சு தம்பி. இப்ப எந்தக் காகிதத்துலயும் நல்லா வருது. வேணுமா?" ஜூடித் மட்டும் தனியாகப் போன் செய்தாள். கல்யாணப் படத்தின் அசல் தன்னிடம் இருக்கிறது என்றாள். முந்தின நாள் கிளென்மார்கனில் ஒரு நிச்சயதார்த்தம், சிக்னல் இல்லை, போஸ்டரையே இன்றுதான் பார்த்தேன் என்றாள். "அந்தப் பொண்ணு ரேகா கேட்டுச்சுண்ணா, அப்பா மூஞ்சிய சரி பண்ணிக் குடுங்கன்னு. உங்க பிரஷ்ஷு இருந்துச்சு. செஞ்சு குடுத்தேன்."

காரியத்துக்கு முந்தின நாள் கருப்பம்மாளும் கணேசனும் மறுபடி கடைக்கு வந்தார்கள். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வேண்டும். கீர்த்திவாசன் எழுந்து நின்றான். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

"நீங்க டீ வாங்கிக் குடுத்தீங்களாமே" என்றாள். "டீக்கடைக்காரர் சொன்னாரு."

"ஆமாங்க அக்கா."

"சூடாக் குடிச்சுதா?"

"குடிச்சாருங்க. ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு."

"அப்படித்தான் குடிக்கும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் ஒட்டிய போஸ்டருக்குக் கீழேதான் அவர் உட்கார்ந்திருந்தார் என்பதையும் டீக்கடைக்காரர் சொல்லியிருப்பார். அதை அவள் கேட்டிருந்தால் அவனுக்குப் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். மண்டியில் திட்டி விலை குறைக்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியும். எதுவும் கேட்காமல் நிற்கிறவளிடம் என்ன பேசுவதென்று அவன் அப்பன் சொல்லித் தரவில்லை.

திரையில் இரண்டு படங்களைத் திறந்தான். ஒன்று ஜூடித் அனுப்பிய அசல்: கல்யாண மாலையும், கறுத்த முகமும், கன்னத்தில் தழும்பும், அதையும் மீறிய ஒரு சிரிப்பும். இன்னொன்று போஸ்டரில் போட்டது.

"இதையே போடலாமுங்க அக்கா" என்றான், அசலைக் காட்டி. "இதுதான் அவரு. கைபடாம அப்படியே போட்டுத் தர்றேன்."

கணேசன் தலையைக் குனிந்துகொண்டான். கருப்பம்மாள் திரைக்கு அருகில் வந்தாள். அசலின் மேல், தழும்பு இருந்த இடத்தில் கறுத்த விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இந்த மூஞ்சியத்தான் ரெண்டு நாளா ஊரே பாத்துச்சு" என்றாள். "ஒருத்தருக்கும் ஆவல. இது எங்கிட்ட இருக்கட்டும். இத எனக்குச் சின்னதா ஒன்னு போட்டுக் குடுங்க, ஊட்டுக்குள்ள வச்சுக்கறேன்."

பிறகு விரலை எடுத்துப் பக்கத்துப் படத்தைக் காட்டினாள்.

"ரோட்டுல வைக்கிறதுக்கு அந்த வெள்ளைக்காரனப் போடுங்க. நீங்க எல்லாரும் தேடுனது அவனத்தானே."

கீர்த்திவாசன் மவுஸைப் பிடித்தான். 'காணவில்லை' என்று இருந்த இடத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. முகத்தில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.